இரண்டு முறை உருட்டிய விளிம்பு

"ஐயத்துக்குரியது என ஒதுக்கப்படும் நாணயத்தைச் சங்கத்துக்கு வெளியே உள்ள நிபுணர் ஒருவர் பரிசோதிக்க வேண்டும், முடிவையும் அதன் காரணங்களையும் உரிய உறுப்பினருக்கு மூன்று மாதத்துக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும்." ஹம்பேர்க்கில் இருந்த ஒரு நாணயச் சேகரிப்போர் சங்கத்தின் விதிமுறைகளில் ஏழாவது பிரிவு இது. ஜெர்மன் சட்டமொழியில் "வேண்டும்" என்பதற்குப் பல தரங்கள் உண்டு. இங்கே இரண்டு இடத்திலும் இருப்பது மிக உயர்ந்த தரம், விதிவிலக்குக்கு இடமே தராதது. அதனால்தானோ என்னவோ, அதை யாரும் கடைப்பிடிக்கவில்லை. அந்தப் பிரிவை நினைக்கும்போதெல்லாம் உள்ளங்கையை நிறைக்கும் ஒரு பழைய ரஷ்யச் செம்புக் காசு என் கையில் கனக்கும்.

காசு என் சகலனுடையது. என் மனைவியின் தங்கையை மணந்தவர். சோவியத் அரசின் உதவிப்பணத்தில் மாஸ்கோவில் பொறியியல் படித்தவர். படித்த காலத்தில் தெருச்சந்தை ஒன்றில் ஒரு கிழவரிடம் அந்த ஐந்து கோபெக் காசை வாங்கியிருந்தார். மற்றவர்கள் காசை வாங்கினால் முகப்பைப் பார்ப்பார்கள். இவர் இரண்டு விரலால் நிமிர்த்திப் பிடித்து விளிம்பைப் பார்ப்பார். யூரோ வந்த புதிதில் ஊரெல்லாம் விலை ஏறிவிட்டது என்று புலம்பிக்கொண்டிருக்க, இவர் தமிழ்க் கடையின் கல்லாவுக்கு முன் நின்று மீதிச் சில்லறையை ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டிருந்தார். இரண்டு யூரோக் காசின் விளிம்பு நாட்டுக்கு நாடு வேறு என்பது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பின்னால் வரிசை நீளும். "அண்ணை, காசைச் செலவழிக்க வந்தனீங்களோ, கலியாணம் பேச வந்தனீங்களோ?" என்று கடைக்காரர் கேட்பார்.

அவருடைய ரஷ்யக் காசின் கதை இது. பேரரசி ஒருத்தி தன் கடைசிக் காலத்தில் கஜானா வற்றிப்போனதால், ஐந்து கோபெக் காசுகளை எடுத்துப் பத்து என்று திருப்பி அடிக்கச் சொன்னாள். அவள் கண்ணை மூடியதும், அம்மா செய்த எதுவும் பிடிக்காத மகன், அந்தப் பத்தையெல்லாம் மறுபடி ஐந்தாக்கச் சொன்னான். கோடு வெட்டிய இரண்டு இரும்புப் பட்டைகளுக்கு நடுவே காசை உருட்டித்தான் அந்தக் காலத்தில் விளிம்புக் கோடு போடுவார்கள். திருப்பி அடித்த காசுகளுக்கு விளிம்பையும் திருப்பி உருட்டினார்கள். சகலனின் காசில் அந்த இரண்டாவது உருட்டல் பிசகியிருந்தது. சரிவான புதிய கோடுகள் ஓரிடத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. அதை அடுத்து ஒரு நகத்தின் அகலத்துக்குப் புதிய கோடு படவே இல்லை. அங்கே பழைய வலைப்பின்னல் அப்படியே தெரிந்தது. "ஆரோ ஒருத்தன் வேலைக்களைப்பில கொட்டாவி விட்டிருக்கிறான் அண்ணை," என்பார். "அந்தக் கொட்டாவிதான் இது." சேகரிப்போருக்கு அது பெரிய அதிசயம். அந்தப் பிழைக்காகவே சங்கத்தின் வருடாந்தக் கண்காட்சியில் அதை வைக்கக் கேட்டிருந்தார்கள். சங்கத்தில் ஜெர்மன்காரர் அல்லாத ஒரே உறுப்பினர் அவர்.

கண்காட்சிக்கு முதல்நாள் வெள்ளிக்கிழமை. நான் அவர்களின் சமையலறையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். அவருடைய மனைவி, என் மச்சாள், வழக்கம்போலக் குத்துவிளக்கைப் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தாள். கழுவித் துடைத்த விளக்குக்குப் பக்கத்தில் இன்னொன்றும் பளபளத்தது.

"இஞ்சாருங்கோ, உங்கட காசையும் மினுக்கிவிட்டனான். நாளைக்கு அத்தனை வெள்ளைக்காரருக்கு முன்னால அந்தக் கறுத்த சாமானை வைக்கிறதோ? வீட்டில பொம்பிளை இல்லையோ எண்டு கேப்பினம்."

இருநூறு ஆண்டு ஏறிய கருமை போய், காசு இளஞ்சிவப்பாகச் சிரித்தது. பழைய காசைத் தேய்க்கக்கூடாது என்பது சேகரிப்போரின் முதல் பாடம். சகலன் அதைக் கையில் எடுத்து விளிம்பைச் சுற்றிப் பார்த்தார்.

"நல்லா மினுங்குது," என்றார். "சாமான் புதுசு போலக் கிடக்கு."

'புதுசு' என்ற அந்தச் சொல்லையேதான் மறுநாள் சங்கத்தின் பரிசோதகரும் சொன்னார், கோபத்தோடு. உருப்பெருக்கியைக் கண்ணிலிருந்து எடுத்துவிட்டு, விளிம்புக் கோடுகள் அண்மையில் அரத்தால் வெட்டப்பட்டவை என்றார். புது வெட்டும் பழைய முகப்பும் ஒரே நிறமாகத் தெரியவேண்டும் என்பதற்காகத்தான் காசு முழுவதும் அமிலத்தில் கழுவப்பட்டிருக்கிறது என்பது அவருடைய வாதம். பிழையான வாதம்தான், ஆனால் முட்டாள்தனமானது என்று சொல்லமாட்டேன். காசு கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுக்கப்பட்டது. முடிவு வரும்வரை உறுப்புரிமையும் நிறுத்திவைக்கப்பட்டது. எஸ்-பான் நகர ரயிலில் திரும்பி வந்தோம். பாலத்தின் மேல் போகையில் சகலன் சொன்னார்: "என்ர கையை அல்லோ பாத்தவர், அண்ணை. காசைப் பாக்கேல்லை."

நான் இருபத்தைந்து ஆண்டுகள் நீதிமன்றங்களிலும் வெளிநாட்டவர் அலுவலகங்களிலும் சத்தியம் செய்த மொழிபெயர்ப்பாளனாக இருந்து ஓய்வுபெற்றவன். சொல்லப்பட்டதில் எதையும் கூட்டமாட்டேன், குறைக்கமாட்டேன் என்பது சத்தியம். எந்த மனு எந்த மேசைக்குப் போகும், எந்த மேசையில் தூங்கும் என்பதெல்லாம் அத்துப்படி. ஏழாவது பிரிவைக் காட்டி முறையீடு எழுத உட்கார்ந்தோம். அவர்களுடைய படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: காசு உங்களிடம் இருந்த காலத்தில் அது எவ்வகையிலாவது சுத்தம் செய்யப்பட்டதா, ஆம் எனில் யாரால், எப்படி?

"நல்லதாய்ப் போச்சு," என்றேன். "புளி எண்டு எழுதுவம். ஒரு வசனத்தில அலுவல் முடிஞ்சுது."

"அதை எழுதாதீங்கோ."

"அப்ப இல்லை எண்டு எழுதட்டோ?"

"பொய் எழுத ஏலாது. வெறுமனே விடுங்கோ."

"வெறுமனே விட்டா அவங்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டதா எடுப்பாங்கள். உமக்கு விளங்கேல்லையோ?"

"எல்லாம் விளங்குது அண்ணை. கடிதம் வந்தா அவ உங்களிட்டத்தானே வாசிக்கச் சொல்லுவா. ஏற்கெனவே ஒரு பை போதும்."

எந்தப் பை என்று நான் கேட்கத் தேவையிருக்கவில்லை. ஊரை விட்டு வெளிக்கிட்ட அன்று ரயிலில் மச்சாள் தவறவிட்ட பை அது. மாஸ்கோப் பட்டச் சான்றிதழின் மூலப்பிரதி அதற்குள் இருந்தது. அது இல்லாமல் இங்கே எந்த அலுவலகமும் அவரைப் பொறியியலாளர் என்று ஏற்கவில்லை. நகல் கேட்டு எழுதிய காலத்தில் கடிதம் போய்ச்சேர வேண்டிய நாடே கலைந்துபோனது. அவர் கடைசிவரை மின்தூக்கி பழுதுபார்த்தார். அதைப் பற்றி அவர் ஒருநாளும் குறை சொன்னதில்லை. மச்சாள்தான் இருபது வருடமாக எந்த விருந்திலும், யாராவது ஒரு பையைத் தூக்கினால் போதும், கண் கலங்குவாள். அவளுக்கு இன்னொரு பையைக் கொடுக்க அவருக்கு மனமில்லை. கேள்விக்கு நேரே வெற்றிடத்தை விட்டு அனுப்பினோம்.

மூன்று மாதம் போனது. நான் நினைவூட்டினேன். பரிசீலனையில் உள்ளது என்று வந்தது. மறுபடி நினைவூட்டினேன். வெளி நிபுணரின் உடல்நிலை, கோடை விடுமுறை, செயலாளர் மாற்றம். ஒவ்வொன்றும் நியாயமான காரணம். நானே அலுவலகங்களுக்காக அப்படிப்பட்ட காரணங்களை ஆயிரம் தடவை அழகான தமிழில் பெயர்த்திருக்கிறேன். சங்கம் கூடும் வியாழக்கிழமைகளில் சகலன் சட்டை மாற்றி, தலை வாரி, பிறகு தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்துகொள்வார். "இண்டைக்குக் கூட்டம் இல்லையோ?" என்று மச்சாள் கேட்டால், "ஒத்திவைச்சிட்டினம்" என்பார். அவளும் நம்பினாள். அடுத்த குளிர்காலத்தில் அவருடைய இதயம் மக்கர் பண்ணியது. மருத்துவமனைக் கட்டிலில் என்னைக் கண்டதும் புருவத்தை மட்டும் உயர்த்துவார். நான் தலையாட்டுவேன், இல்லை என்று. கடைசியாகப் பார்த்த அன்றும் அதே புருவம், அதே தலையாட்டல். பொய்யாக ஒரு முறை ஓம் என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பழக்கம் எனக்கு அப்போது இருக்கவில்லை.

பதில் வந்தபோது அவர்களின் வீட்டில்தான் இருந்தேன். செத்தவீட்டுத் துடக்குக் கழிந்து ஏற்றும் முதல் விளக்கு. மச்சாள் குத்துவிளக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தபால்காரர் தந்த தடித்த உறையைப் பார்த்து, "கையெல்லாம் புளி, அத்தான். நீங்களே உடைச்சு வாசியுங்கோ," என்றாள். உள்ளே ஒரு பக்கக் கடிதமும், பஞ்சில் சுற்றிய காசும் இருந்தன.

நிபுணர் நேர்மையானவர். விளிம்பில் தெரிவது நாணயச்சாலையிலேயே நடந்த மறு உருட்டல், அரத்தின் தடயம் எதுவும் இல்லை, குற்றச்சாட்டு முற்றிலும் தவறு என்று எழுதியிருந்தார். கடைசிப் பந்தியில் இப்படி இருந்தது: காசு அண்மையில் சமையலறை அமிலம் ஒன்றால் தேய்க்கப்பட்டதே ஐயத்துக்கு ஒரே காரணம், இதை உரிமையாளர் படிவத்தில் தெரிவித்திருந்தால் விடயம் அன்றே முடிந்திருக்கும்.

"என்ன எழுதியிருக்கினம்?"

முதல் பந்தியை வாசித்தேன், இரண்டாவதை வாசித்தேன். கையெழுத்திட்டவரின் பெயரை வாசித்தேன்.

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான். அவரில பிழை இல்லையாம்."

அவள் கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு காசைக் கையில் எடுத்தாள். ஒரு வருட இடைவெளியில் அது மறுபடி மங்கத் தொடங்கியிருந்தது. "பாருங்கோ, எப்பிடிக் கறுக்க விட்டிருக்கிறாங்கள்," என்று சொல்லிப் புளியில் தோய்த்துத் தேய்த்தாள், விளிம்பைச் சுற்றி, அந்தக் கொட்டாவியின் மேலும். நான் தடுக்கவில்லை. இப்போதும் அது அவருடைய படத்துக்கு முன்னால் இருக்கிறது. வெள்ளிக்கு வெள்ளி மினுங்குகிறது. வலைப்பின்னலும் சரிந்த கோடும் தேய்ந்து, எது எதன் மேல் ஏறியது என்று இனி எந்த நிபுணராலும் சொல்ல ஏலாது. கடிதம் என்னிடம் இருக்கிறது. அதன் மூலையில், என் தொழிற்பழக்கத்தில், பெற்றுக்கொண்ட தேதியைப் பென்சிலால் குறித்திருக்கிறேன்: 2006 மார்ச் 3, வெள்ளிக்கிழமை. அவருடைய முப்பத்தோராம் நாளுக்கு மறுநாள்.