கற்பனை ஊரும் கீழ் லயமும்

இல்லாத ஊரில் நடக்கிற கொடுமையை, இருக்கிற ஊரில் நின்றுகொண்டு படிப்பிப்பதுதான் நம் தொழில். தமிழ்ப் பாடம் எடுக்கிற உங்களுக்கு அந்த அவஸ்தையை நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ராகலைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் உயர்தர வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். ஊரே சேர்ந்து ஓர் அநியாயத்துக்குத் தலையாட்டுகிற மாதிரிக் கதைகளைக் கொடுத்தால் பிள்ளைகளுக்குச் சுயபுத்தி வரும் என்று ஒரு நப்பாசை. வந்ததா, வந்தால் யாருக்கு வந்தது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

கற்பனை எங்கே?

முதல் கதையை நானே எழுதிப் போட்டோகொப்பி எடுத்துக் கொடுத்தேன். வருங்காலத்தில் ஒரு நகரம். விடிந்ததும் சங்கு ஊதும். எல்லோரும் வரிசையில் நிற்க வேண்டும். ஆளுக்கு ஒரு நம்பர். ஒரே கூரைக்குக் கீழே ஒட்டி ஒட்டி வீடுகள். அதில் ஒரு குடும்பம் மட்டும் தலைமுறை தலைமுறையாகச் சாம்பல் நிறக் கையுறை போட வேண்டும். அவர்கள் கையால் யாரும் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார்கள். ஏன் என்று யாருக்கும் தெரியாது, யாரும் கேட்பதுமில்லை.

உருக்கமாக வாசித்து முடித்தேன். பிள்ளைகள் ஆடிப்போயிருப்பார்கள் என்று நிமிர்ந்து பார்த்தால், ஒருவரும் அசையவில்லை. எல்லோருடைய அம்மாவும் அன்று காலை ஒட்டி ஒட்டிக் கட்டிய லய வீட்டில் சங்குச் சத்தத்துக்கு எழுந்து, பெரட்டுக் களத்தில் வரிசையாகப் போய் நின்று, வேலை பிரிக்கிற கண்டாக்கையா பேர் கூப்பிட்டதும் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போனவர்கள்தான். அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கடைசி வரிசை வாங்கில் இருந்த செல்வராணி மட்டும் கை தூக்கினாள். நல்ல பிள்ளை, அதிகம் பேச மாட்டாள்.

"சார், இதுல கற்பனை எங்க இருக்கு?"

ஒரே கதை, இருபத்திரண்டு கையெழுத்து

சரி, நீங்களே ஒரு கதை எழுதி வாருங்கள், எல்லோரும் போகிற வழியில் போகாத ஒருவரைப் பற்றி எழுதுங்கள் என்றேன். விளங்கட்டுமே என்று ஓர் உதாரணத்தைப் பலகையில் எழுதிப் போட்டேன். திங்கட்கிழமை இருபத்துமூன்று கொப்பி வந்தது. இருபத்திரண்டில் என்னுடைய உதாரணம், காற்புள்ளி கூட இடம் மாறாமல் இருந்தது.

செல்வராணி மட்டும் வேறு எழுதியிருந்தாள். அவள் கதையில் கையுறைக்காரன் ஒரு நாள் கையுறையைக் கழற்றி அடுப்பில் போடுகிறான். அத்தோடு கதையை நிறுத்திவிட்டாள். முடிவு இல்லையே என்று நான் பத்துக்கு ஐந்து போட்டேன். பார்த்து எழுதியவர்களுக்கு ஏழு! என் புள்ளித் திட்டத்தில் 'முடிவு' என்று ஒரு கட்டம் இருந்தது, நான் என்ன செய்வது? வகுப்பில் மற்றவர்களைப் பிடித்து ஏசினேன். ஏன் இப்படி என்று கேட்டதற்கு ஒரு பையன் எழுந்து நின்று, மரியாதையாகத்தான் சொன்னான்.

"முடிவ நீங்க போர்ட்ல எழுதிட்டீங்களே சார், அப்புறம் நாங்க எப்பிடி வேற எழுதுறது?"

நாற்காலி

பெற்றோர் கூட்டத்துக்குச் செல்வராணியின் அப்பா ராமையா வந்திருந்தார். தோட்டத்தில் சாவு விழுந்தால் தப்பு மேளம் அடிப்பதும், லயம் லயமாகப் போய்ச் சாவுச் செய்தி, அதாவது கேதம், சொல்வதும் அவர்தான். அவருடைய அப்பாவும் அதைத்தான் செய்தார். வேறு யாரும் அடிக்கக் கூடாது, அவர் அடிக்காமலும் இருக்கக் கூடாது. எங்கேயும் எழுதி வைக்காத சட்டம். என் மனைவி அதே தோட்டத்தில், ராமையாவின் கீழ் லயத்தில் தண்ணீர் வாங்கிக் குடிக்காத மேல் லயத்துப் பெண் என்பதால் எனக்கு இதெல்லாம் தெரியும். தெரியும், ஆனால் கையுறைக் கதை எழுதும்போது ராமையா என் ஞாபகத்துக்கு வந்தாரா என்று கேட்காதீர்கள், அதைத்தான் நானும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வாசலிலேயே நின்றவரை வற்புறுத்தி நாற்காலியில் உட்கார வைத்தேன். மகள் படிக்கிறாள், இனிமேல் தப்பைத் தொடுவதில்லை என்று முடிவெடுத்திருப்பதாக மெதுவாகச் சொன்னார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கட்டாயம் விட்டுவிடுங்கள், யாருக்கும் பயப்படாதீர்கள் என்று பெரிய பிரசங்கமே வைத்தேன். அந்த நேரம் பார்த்துத் தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர் உள்ளே வந்தார். ராமையா படக்கென்று எழுந்து சுவரோரம் போய் நின்றுகொண்டார். ஏன் எழுந்தீர்கள் என்று பிறகு கடிந்துகொண்டேன்.

"நீங்க நாலு மணி பஸ்ஸுக்கு டவுனுக்குப் போயிருவீங்க சார், நான் லயத்துக்குத்தானே போவணும்."

பீலி

அடுத்த மாதம் ஒரு சாவு. தலைவரே வந்து கூப்பிட்டும் ராமையா சொன்னபடியே போகவில்லை. யாரும் அவரை அடிக்கவில்லை, கூட்டம் போட்டுத் தீர்ப்பும் சொல்லவில்லை. லயத்தில் பேச்சு மட்டும் நின்றுபோனது. தண்ணீர் பிடிக்கிற பீலியில், செல்வராணியின் குடத்தை மற்ற எல்லாக் குடமும் நிறைந்த பிறகுதான் வைக்க விட்டார்கள்.

இதொன்றும் எனக்குத் தெரியாது. அவள் தினமும் பிந்தி வந்தாள். பிந்தி வந்தால் பத்து நிமிடம் வெளியே நிற்க வேண்டும் என்பது பாடசாலைச் சட்டம். எட்டு நாள் நிறுத்தி வைத்துவிட்டு, உள்ளே நின்று கையுறைக் குடும்பத்தின் துயரத்தை விளக்கிக்கொண்டிருந்தேன். ஒன்பதாம் நாள் பக்கத்து லயத்துப் பிள்ளை சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. வெட்கமாகப் போய்விட்டது. நேரே பாடசாலை அதிபரிடம் ஓடி, இவளை மட்டும் விட்டுவிடலாம் என்று கெஞ்சினேன். நல்ல மனிதர்தான்; தேத்தண்ணி கொடுத்து உட்கார வைத்தார்.

"ஒருத்திக்கு விட்டா எல்லாரும் கேப்பாங்க சார், சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதானே."

கேதம்

பிறகு என் மாமனார் காலமானார். மேல் லயம் முழுக்க ஆட்கள். காலையிலிருந்து ஒரே பேச்சு, தப்புச் சத்தம் இல்லாமல் சவத்தை எப்படித் தூக்குவது? என் மைத்துனர் என்னைத் தனியே கூப்பிட்டு, ராமையா உங்கள் பேச்சைத் தட்ட மாட்டான், நீங்கள் போய் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றார். என் மனைவி அழுத கண்ணோடு என்னைப் பார்த்தாள். நான் மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை; கால் தன்பாட்டில் கீழ் லயத்துக்கு இறங்கியது.

இஸ்தோப்புத் திண்ணையில் ராமையா உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் அவருக்கு விளங்கிவிட்டது. நான் வாயைத் திறக்கு முன்பே, சாரே வந்துவிட்டீர்களே என்று எழுந்து, உள்ளே ஆணியில் மாட்டியிருந்த தப்பை எடுக்கப் போனார். தலைவர் வந்து கூப்பிட்டும் அசையாத மனிதர், எனக்காக அசைந்தார். அப்போது செல்வராணி வாசலுக்கு வந்தாள். கோபமெல்லாம் இல்லை, வகுப்பில் கேட்கிற அதே குரல்தான்.

"சார், அந்தக் கதைக்கு முடிவு இதுதானா?"

வேண்டாம் ராமையா, வையுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு மேலே ஏறி வந்தேன். என்ன சொன்னான் என்று எல்லோரும் சூழ்ந்துகொண்டு கேட்டார்கள். அவர் அடிக்க மாட்டார், அடிக்கவும் வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். வாயில் வந்தது, ராமையாவுக்கு உடம்புக்கு முடியவில்லை என்பது. மைத்துனர் பக்கத்து வீட்டு ஸ்பீக்கரைக் கொண்டுவந்து, போனில் இருந்த தப்புச் சத்தத்தைப் போட்டார். மாமனார் அதோடு போய்ச் சேர்ந்தார். யாரும் குறை சொல்லவில்லை. சவத்தோடு நடக்கும்போது மைத்துனர் என் தோளைத் தட்டி ஆறுதல் சொன்னார்.

"வருத்தப்படாதீங்க மச்சான், அடுத்த சாவுக்குள்ள அவனுக்குச் சொகமாயிரும்."

கற்பனை ஊரில் ஒருவர்கூட ஏன் வாய் திறக்கவில்லை என்று தவணைப் பரீட்சைக்குப் பத்துப் புள்ளிக் கேள்வி ஒன்று கொடுத்திருக்கிறேன், விடைத்தாள் திருத்த வேண்டிய ஆளும் நான்தான்.