டைனமோவுக்குக் கட்டிய பூ

விஜயதசமி அன்று காலை, கவரைப்பேட்டையைத் தாண்டியதும் காரில் பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தது. பக்கத்து சீட்டில் மாமனார். திருவள்ளூரில் ஓர் ஆஸ்பத்திரியில் அவருக்கு டயாலிசிஸ். கணவர் லாரியோடு ஒடிசா பக்கம் போய்விடுவார் என்பதால், வாரத்தில் மூன்று நாள் நான்தான் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு எளாவூரிலிருந்து ஓட்டிப் போவேன்.

மழைக் காலத்தில் ஒருமுறை ஒரு நாள் தவறிப்போனது. நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டு, படுக்கவும் முடியாமல், ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி மூச்சுக்கு அலைந்தார். அதைக் கண்ணால் பார்த்தவள் நான். நேரத்துக்குப் போகாவிட்டால் மெஷினை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அவர்களைச் சொல்லி என்ன பயன், காத்திருப்பவர்கள் அத்தனை பேர்.

"இன்னாம்மா, லைட்டு எரியுது?"

"பாத்துக்கினுதான் இருக்கேன் மாமா."

வெடுக்கென்று வந்துவிட்டது. எனக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். ஏசியை அணைத்தேன், பாட்டை அணைத்தேன். பேட்டரிக்குச் சார்ஜ் ஏறவில்லை, இனி அதில் இருக்கும் மிச்சத்தில்தான் வண்டி ஓட வேண்டும். பெரியபாளையம் தாண்டியதும் ஸ்டீயரிங் கனத்தது. இண்டிகேட்டர் தூக்கக் கலக்கத்தில் கண் சிமிட்டுவதுபோல் மினுக்கியது. ஒரு சின்னப் பாலத்தின் மேட்டில் ஓரங்கட்டினேன். இன்ஜினை மட்டும் அணைக்கவில்லை. அணைத்தால் திரும்ப உயிர் வரும் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

மெக்கானிக்கைத் தேடிப் போகவும் வழியில்லை. ஆயுதபூஜைக்கு மறுநாள், வழியெல்லாம் ஷட்டரை இறக்கி வாழைக்கன்று கட்டியிருந்தார்கள்.

நான் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் எலெக்ட்ரீஷியன். மீட்டர் எப்போதும் பையில் கிடக்கும். அதை எடுத்துக்கொண்டு இறங்குவதற்குள் மாமனார் வீங்கிய காலோடு முன்னால் போய், பானட்டைத் திறந்து, ஸ்பேனரோடு பேட்டரி மேல் குனிந்துவிட்டார். ஆயுசு முழுக்க லாரி ஓட்டியவர்.

"டெர்மினல கழட்டி வுட்டு பாக்கலாம்மா. வண்டி ஓடுனா டைனமோ நல்லாக்குது. நின்னுட்டா டைனமோ பூட்ச்சி. நாங்கல்லாம் இப்டித்தான் பாப்போம்."

"கைய எடுங்க மாமா!"

வெடுக்கென்று பேசியிருக்கிறேன், அவரிடம் கத்தியதில்லை. அன்று கத்தினேன். அவருடைய பழைய லாரிக்கு அது சரி. இந்த வண்டியில், ஓடும்போது பேட்டரியைப் பிடுங்கினால் வோல்டேஜ் தாறுமாறாக எகிறி, இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரே கருகிவிடும். பிறகு கும்பிட்டாலும் நகராது. அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். முகம் சுண்டிப்போனது. அதற்காக வருத்தப்பட எனக்கு நேரமில்லை.

மீட்டரைப் பேட்டரியில் வைத்தேன். இன்ஜின் ஓடும்போது பதினாலு வோல்ட் பக்கம் காட்ட வேண்டும். பன்னிரண்டுகூட இல்லை, இறங்கிக்கொண்டே இருந்தது. இடையில் ஒயர் ஏதும் விட்டுப்போயிருக்குமோ என்று மாமா டைனமோ என்று சொன்ன ஆல்டர்னேட்டரின் பின்பக்கமே வைத்துப் பார்த்தேன். அங்கேயும் அதே லட்சணம். ஒயரில் குற்றமில்லை, கரண்ட் உற்பத்தியே ஆகவில்லை. அவரை டிரைவர் சீட்டில் உட்காரவைத்து ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொன்னேன். கீச்சென்று ஒரு சத்தம். மீட்டர் மேலே தாவி, தொப்பென்று விழுந்தது. ஆல்டர்னேட்டரைச் சுற்றவைக்கும் பெல்ட் வழுக்குகிறது. செல்போன் டார்ச்சை அடித்துக் குனிந்தேன். பெல்ட் ஓடும் புல்லிச் சக்கரத்தில் மஞ்சளாக ஏதோ அரைபட்டு அப்பியிருந்தது. சாமந்தி.

முந்தின நாள் பூஜையில் மாமனார் காருக்குச் சந்தனம், குங்குமம் வைத்ததோடு நிற்காமல், பானட்டுக்குள் கைவிட்டு ஆல்டர்னேட்டருக்கும் ஒரு சரம் கட்டியிருக்கிறார். அதன் வால் தொங்கிப் பெல்ட்டுக்குள் போய்விட்டது.

"டைனமோவுக்கு யாராச்சும் பூ கட்டுவாங்களா மாமா?"

அவர் ஸ்டீயரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். "வாரத்துக்கு மூணு தபா என்ன உசுரோட இட்டுக்கினு போயி இட்டாருது. அதுக்கு வெக்காம வேற யாருக்கும்மா பூ வெப்பேன்?"

அப்படிக் கேட்டவரிடம் இன்னும் கத்த மனம் வரவில்லை. கோபமும் தீரவில்லை.

பெல்ட்டில் கை வைக்க இன்ஜினை அணைத்தே ஆகவேண்டும். அணைக்கச் சொன்னேன். புல்லியில் இறுகிக் கிடந்த நூலை நகவெட்டியால் அறுத்து இழுத்தேன். துப்பட்டாவால் பெல்ட்டை அழுத்தித் துடைத்தேன். விரல் சுட்டது. "இப்ப திருப்புங்க" என்றேன். டக் டக் என்றதோடு சரி, செல்ஃப் எடுக்கவில்லை.

இனி பாலத்தின் இறக்கம்தான் கதி. வண்டி ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொன்ன மனிதரிடம், "செகண்ட்ல போட்டு கிளட்ச்ச மிதிச்சுக்கினு இருங்க, நான் தள்றேன்" என்றேன். தள்ளினேன். முதலில் அசையவே இல்லை. பிறகு மெல்ல உருண்டு, இறக்கத்தில் என் கையை விட்டுப் போனது. "இப்ப வுடுங்க!" வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி உறுமியது. ஓடிப்போய் மீட்டரை வைத்தேன். பதினாலு. சிவப்பு விளக்கும் அணைந்திருந்தது. அவர் பக்கத்து சீட்டுக்கு மாறிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் அடுத்தவரைக் கூப்பிட வெளியே வந்துகொண்டிருந்தார். வாசலிலிருந்தே கை காட்டிக்கொண்டு ஓடினேன்.

படுக்கவைத்து ஊசி குத்தினார்கள். ரத்தத்தை இழுக்கும் சின்னச் சக்கரம் மெஷினில் சுற்ற ஆரம்பித்தது. அங்கேயும் நேற்று பூஜை நடந்திருக்கிறது. மெஷினின் நெற்றியில் சந்தனப் பொட்டு, அதற்கு மேல் ஒரு மல்லிகைச் சரம். மாமனாரின் கண் அந்தச் சரத்தைவிட்டு நகரவில்லை.

"யம்மா, அந்தப் பூவ அவுத்துடும்மா. தொங்கிக்கினு கீது பாரு."

நர்ஸிடம் கேட்டுக்கொண்டு அவிழ்த்தேன். வாடிய சரத்தை என்ன செய்வதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"நீ வெச்சிக்கோ" என்றார், கண்ணை மூடிக்கொண்டு. "இட்டாந்தது நீதானே."