கொட்வினின் கல்லுப் பாண்

கொட்வினைப் பெண்சாதி வீட்டைவிட்டு அடித்துக் கலைத்தாளாம்! யார் கண்டது? ஜெர்மனியில் இந்தக் கெல்சென்கிர்ச்சன் நகர் முழுக்கக் கதை கட்டிவிட்ட கீழ்வீட்டு நிருபமா, தன் கண்ணால் கண்டது கொட்வின் சூட்கேசோடு படியிறங்கிப் போனதை மட்டும்தான். அதுவும் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று. மேலே வீட்டுக்குள் நடந்தது அவளுக்கு எப்படித் தெரியும்? சண்டை வந்தது உண்மை. இல்லையென்று யார் சொன்னது? ஆனால் அது பாணால், வெறும் ரொட்டியால் வந்த சண்டை.

கொட்வின் வேலை செய்த தகரத் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். தலை நரைத்தவனை இனி யார் வேலைக்கு எடுப்பார்கள்? பெண்சாதி தக்சாயினி முதியோர் இல்லத்தில் துணி துவைக்கிற வேலைக்கு விடியவே போய்விடுவாள். இவன் வீட்டில் இருந்து சுவரைப் பார்த்தான். சுவர் இவனைப் பார்த்தது. அப்போதுதான் பழைய சாமான் சந்தையில் அந்தப் பாண் மெசினைக் கண்டு தூக்கி வந்தான். மாவும் தண்ணீரும் ஈஸ்டும் போட்டு மூடினால் தானே குழைத்து, தானே பொங்கவைத்து, தானே சுட்டுத் தருமாம். களைத்து வருகிறவளுக்குச் சுடச்சுடப் பாண் கொடுக்க வேண்டும், இந்த வீட்டில் தானும் ஒரு ஆள் என்று காட்ட வேண்டும். அவ்வளவுதான் அவன் ஆசை.

முதல் பாணை வெட்டப் போனால் கத்தி கிறீச்சென்றது. மாக் குழைக்கிற துடுப்பு பாணின் வயிற்றுக்குள்.

"இரும்பையும் சேர்த்தோ சாப்பிட வேணும்?" என்று தக்சாயினி கேட்டாள்.

துடுப்பில்லாத இடமும் இரும்பு மாதிரித்தான் இருந்தது. மறுநாள் சுட்டதும் அப்படியே. பல்கனியில் புறாக்களுக்குப் போட்டான். அவை ஒரு கொத்துக் கொத்திவிட்டு, அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு நடந்தே போயின.

ஸ்டுட்கார்ட்டில் இருக்கிற மச்சான், தக்சாயினியின் தம்பி ரஜிதனுக்குப் போன் எடுத்தான்.

"அத்தான், உங்கட ஈஸ்ட் செத்துப்போச்சு."

வெதுவெதுப்பான தண்ணீரில் சீனி போட்டு ஈஸ்டைக் கலந்து பார்த்தான். நுரை கிளாசுக்கு வெளியே வழிந்தது. "உயிரோடதான் இருக்குதடா. உன்னைவிடத் துள்ளுது."

"அப்ப தண்ணி காணாது."

தண்ணீரைக் கூட்டினால் களி வந்தது. ஈஸ்டைக் கூட்டினால் வீடு கள்ளுக்கொட்டில் போல மணந்தது. பாண் மட்டும் எழும்பவே இல்லை.

தக்சாயினி பொறுத்துப் பார்த்தாள். "வெள்ளிக்கிழமை பழைய கட்டிலை ஏத்தக் குப்பை லொறி வருது. டெர்மின் எடுத்து நாளும் குறிச்சாச்சு. அதுக்குள்ள கடிக்கக்கூடிய பாண் ஒண்டு சுட்டுக் காட்டுங்கோ. இல்லாட்டி மெசினும் அதில போகும்."

வெள்ளிக்கிழமை அவளுக்கு லீவு. புட்டு அவிக்கலாம் என்று மா டின்னைத் திறந்தாள். அடித்தட்டுத் தெரிந்தது.

"என்ர மா எங்கயப்பா?"

"எந்த மா?"

"நான் அவிச்சு அரிச்சு வைச்ச கோதுமை மா!"

கொட்வின் முழித்தான். கடையில் வாங்கிய பச்சை மா உறையோடு அலமாரியில் இருக்கிறது. ஆனால் டின்னில் இருந்தது கட்டியில்லாமல் பூப்போல இருந்தது. நல்ல பாணுக்கு நல்ல மா வேண்டும் என்று, இவ்வளவு நாளும் அதைத்தான் அள்ளிப் போட்டிருக்கிறான்.

"அவிச்ச மாவிலயோ பாண் சுட்டனீங்கள்? ஆவியில வெந்த மா இனி இழுபடுமோ, பொங்குமோ? இழுபடாமல் உதிர வேணுமெண்டுதானே புட்டுக்கு அவிக்கிறது!"

"அப்ப மெசின் பழுதில்லை?"

"மெசின் பழுதில்லை! ஆள்தான் பழுது!"

நிருபமா வீடுவரை கேட்டது இந்தச் சத்தம்தான்.

கொட்வின் பச்சை மாவைப் போட்டு மெசினை ஓடவிட்டான். பொங்கத் தொடங்கும் நேரம் பார்த்து லொறியும் வந்தது. மெசினுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றான்.

"மூடியைத் திறக்காதையப்பா. இருக்கிற காத்தும் போயிடும்."

அவள் அவனைத் தள்ளிவிட்டு மூடியிலிருந்த கண்ணாடியால் எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் அவன் கையைப் பிடித்தாள். "எழும்புதப்பா!"

வாசல் மணி அடித்தது. ஏற்ற வேறு ஏதும் இருக்கிறதா என்று லொறிக்காரன் கேட்டான். தக்சாயினி ஜன்னலால் தலையை நீட்டி, "நைன், நைன்! வேற ஒண்டுமில்லை, கட்டில் மட்டும்தான்!" என்று கத்தினாள்.

வெந்த பாணைத் தேங்காய்ச் சம்பலோடு இருவரும் சாப்பிட்டார்கள். மூன்றாம் துண்டுக்குக் கை நீட்டும்போதுதான் அவள் தம்பிக்குப் போன் எடுத்து நடந்ததைச் சொன்னாள்.

"ரஜி, இருக்கிறியோ?"

"ஓம் அக்கா. எங்கட மெசினும் கல்லுத்தான் சுட்டது. என்ர மனுசி டின்னில இருந்து குடுத்த மாவில சுட்டனான். இப்ப நிலவறைக்குள்ள கிடக்குது. அத்தானை ஒருக்கா அனுப்பிவிடுங்கோவன்."

"இவ்வளவு நாளும் நீயோடா புத்தி சொன்னனீ!"

சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தபடியே அவள் சூட்கேசை அடுக்கினாள். பச்சை மா, ஈஸ்ட், தராசு, ரயிலில் சாப்பிட அரைப் பாண்.

"ஸ்டுட்கார்ட்டில மா இல்லையோ?" என்றான் கொட்வின்.

"அந்த வீட்டு மாவை நம்பேலாது. அங்க போயும் டின்னுக்குள்ள கை வைச்சிடாதேங்கோ."

வேலைக்குப் போன நாட்களைப் போல முகம் மழித்து, தலை வாரி, கோட்டுப் போட்டுக்கொண்டான். "போயிட்டு வாறன்," என்று சொல்லிக் கதவைத் திறந்தான். முழங்கால் நோவை மறந்து படிகளில் விறுவிறென்று இறங்கினான்.