ஜீப்பில் வந்த கப்பல்காரர்

ஐம்பதுகளில் ஓர் ஆடி மழை. போடிமெட்டுச் சாலையில் எங்கள் ஜீப்பின் பின்சக்கரம் சேற்றில் புதைந்தது. ஒருபக்கம் பாறை, நாங்கள் இறங்கும் பின்வழிக்கு நேரே பள்ளம். டிரைவரைத் தவிர யாரும் இறங்க முடியாது. உடன் வந்த எஸ்டேட் ஆட்கள் அவரைத் திட்டித் தீர்த்தார்கள். என் எதிரே உட்கார்ந்திருந்த வழுக்கைத்தலைக்காரர் மட்டும் கண்ணை மூடி, ஜீப்பின் தரையில் உள்ளங்கையை வைத்திருந்தார். கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்த்தவராம்.

"நிப்பாட்டுப்பா, வெறுமனே சுத்துது," என்றார். "கப்பலுக்கு அடியில இருக்கிற விசிறியும் இப்படித்தான். சாய்ஞ்ச இலையால தண்ணியைப் பின்னால தள்ளுனாத்தான் கப்பல் முன்னால போகும். அலையில விசிறி மேல வந்துட்டா, தள்ளத் தண்ணி ஏது? சக்கரத்துக்குப் பிடிமானம் குடு."

டிரைவர் இறங்கி, காலி ஏலக்காய்ச் சாக்குகளைச் சக்கரத்தடியில் திணித்தார்.

"கடல் எப்படிண்ணே இருக்கும்?" என்று கேட்டேன்.

"யாரு பாத்தா? நமக்குச் சோலி அடித்தளத்துல. கப்பல் போகுதா நிக்குதான்னு தரையில வச்ச கைதான் சொல்லும்."

ஜீப் உறுமி மேலேறியது. வளைவு திரும்பியதும் மழை விட்டு, கீழே போடி முழுக்க வெயிலில் விரிந்தது. எல்லோரும் எட்டிப் பார்த்தோம். "அண்ணே, பாருங்க," என்று அவர் தோளைத் தொட்டேன்.

அவர் கண் திறக்கவில்லை.

"போகுது," என்றார், தரையிலிருந்து கையை எடுக்காமல்.