அம்மாவின் செவ்வாய்க்கிழமை

மீன் பெட்டியிலிருந்து ஒரு ஐஸ் துண்டை எடுத்து, முந்தானையில் சுற்றி, பிடரியில் அழுத்திக்கொண்டு நிற்பாள் என் அம்மா. பெரிய மார்க்கெட்டில் வியாபாரம் சூடுபிடித்திருக்கும் காலை நேரம். முகம் சிவந்து, ரவிக்கை முதுகோடு ஒட்டியிருக்கும். ஐஸ் கரைந்து முதுகில் வழிய, மறுகையால் வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கி வாடிக்கைக்காரரிடம் காட்டிக்கொண்டிருப்பாள். அம்மா என்றால் இன்றும் எனக்கு முதலில் கண்ணில் தெரிவது அந்த ஐஸ்தான்.

சுனாமி வந்து போன மறு வருஷம் அது. நான் கல்யாணமாகி ரெட்டியார்பாளையத்தில் இருந்தேன். அம்மா வீராம்பட்டினத்திலிருந்து தினமும் கூடையோடு டவுனுக்கு வருவாள். அவளுக்கு மாதவிடாய் நின்று ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. விட்டது தொல்லை, இனி நாள் பார்க்காமல் கோயிலுக்குப் போகலாம் என்றுதான் எங்கள் பக்கத்துப் பெண்கள் நினைப்பார்கள். அம்மாவும் அப்படித்தான் நினைத்தாள். வந்ததோ வேறு. திடீர் திடீரென்று உடம்பெல்லாம் தீயாய் ஏறும், ராத்திரி பொட்டுத் தூக்கம் கிடையாது, ஒன்றுமில்லாததற்கெல்லாம் அழுகை வரும்.

அந்த வருஷம் ஆடி வெள்ளியன்று அம்மன் கோயிலில், உடுக்கைச் சத்தத்துக்கு நடுவில் அவளுக்கு அந்தத் தீ ஏறியது. வேர்த்து ஊற்றி, கை நடுங்க நின்றவளைப் பார்த்து யாரோ ஒருத்தி "ஆத்தா வந்துட்டா" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். அவ்வளவுதான். மஞ்சள் தண்ணீரைத் தலையில் ஊற்றி, கையில் வேப்பிலையைத் திணித்து, காலிலும் விழுந்துவிட்டார்கள். மறுநாள் விடிந்ததும் வீட்டு வாசலில் கூட்டம். சுனாமிக்குப் பிறகு படகை இறக்கவே ஊர் பயந்த காலம் அது. யாராவது நல்ல வாக்கு சொல்ல மாட்டார்களா என்று ஊரே ஏங்கிக் கிடந்தது. "என் வூட்டுக்காரரு மறுபடி கடலுக்குப் போலாமா, நீயே சொல்லு தாயே" என்று ஒரு பெண் கேட்டாள். என் தாய்மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. "சாமியே வூடு தேடி வந்துருக்கு. உனுக்கு இன்னாத்துக்கு இனிமே மீன்கூடை" என்றார்.

சரி என்று தலையாட்டியிருந்தால் கூடை சுமக்காமல் ஊர் மரியாதையோடு காலம் தள்ளியிருக்கலாம். மறுத்தால், ஆத்தாவையே தள்ளிவிட்டவள் என்ற பேச்சு. அடுத்து கடலில் எது நடந்தாலும் பழி அவள் தலையில் விழும். அம்மா வாசலுக்கு வந்து நின்றாள். "ஆத்தா மேல சத்தியமா சொல்றேன், வந்தது ஆத்தா இல்ல. என் உடம்பு. நான் பாட்டுக்குக் கடலுக்குப் போன்னு ஒரு வார்த்த சொல்லி, நாளைக்கு ஒரு உசுரு போனா அத யாரு திருப்பித் தருவா?" என்றாள். மாமா வெகுநாள் பேசவில்லை. மார்க்கெட்டில் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அம்மா ஐஸை வைத்துக்கொண்டு வியாபாரத்தைப் பார்த்தாள். எனக்கு அப்போதே நெஞ்சு நிமிர்ந்தது.

அந்த ஐஸைக் கவனித்தவர், பிரான்ஸ் பட்டாளப் பென்ஷன் வாங்கும் வீட்டு மதாம் ஒருவர்; டவுனில் அந்த வீட்டு அம்மாக்களை அப்படித்தான் கூப்பிடுவோம். அம்மாவின் பழைய வாடிக்கை. "மாசாமாசம் வர்றது நின்னவங்களுக்குன்னே ஆஸ்பத்திரில தனியா கிளினிக் இருக்கும்மா, நானே அங்கதான் போறேன்" என்றார். நான் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டரம்மா உட்காரவைத்து எல்லாவற்றையும் கேட்டார், தூக்கத்தை, கோபத்தை, மூட்டுவலியை, வெளியில் சொல்லக் கூச்சப்படும் வலியைக்கூட. அம்மாவிடம் அதையெல்லாம் அதுவரை யாரும் கேட்டதில்லை, நான் உட்பட. பரிசோதனைகள் முடிந்து ஹார்மோன் மாத்திரை கொடுத்தார். "சொன்ன தேதிக்கு மறுபடி வரணும். பிரஷர் பாக்கணும், மார்பு பாக்கணும். நல்லாயிடுச்சுன்னு இருந்துடாதீங்க. நடுவுல ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் உடனே ஓடி வரணும்" என்றார்.

அம்மா தூங்க ஆரம்பித்தாள். தூங்கியவள் சும்மா இருப்பாளா? மார்க்கெட் முழுக்கச் சொன்னாள். சபையில் பேசக் கூடாத பேச்சு என்று நாங்கள் குசுகுசுத்ததை, சங்கரா மீன் விலை கூவும் குரலில் பேசினாள். முகத்தைத் திருப்பியவர்களே ஒவ்வொருத்தியாக வந்து, எனக்கும் அப்படித்தான் என்று அம்மாவின் காதைக் கடித்தார்கள். கிளினிக்குக்குப் போனார்கள், மாத்திரை வாங்கினார்கள். ஆனால் மறுபடி போகவில்லை. கிளினிக் புதன்கிழமை மட்டும். செவ்வாயன்று கவுச்சி தொடாத வீடுகளெல்லாம் புதனன்று மீனுக்குப் பாயும். அந்த வியாபாரத்தை விட்டு எவள் போவாள்? ஒருத்தி பாட்டுக்கு மெடிக்கலில் மாத்திரை வாங்கி விழுங்கி, ரத்தம் பட்டும் வாயைத் திறக்கவில்லை. தெரிந்ததும் அம்மா அவள் கையைப் பிடித்துக் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு ஓடினாள். நல்லவேளை, பெரிதாக ஒன்றுமில்லை.

அன்றைக்கே டாக்டரிடம் கேட்டுவிட்டாள். "டாக்டரம்மா, நீங்க வரச் சொல்றீங்க, நாங்க வரல. உங்க மேலயும் தப்பு இல்ல, எங்க மேலயும் தப்பு இல்ல. புதன்கெழம மேலதான் தப்பு. செவ்வாக்கெழமைல வைங்க, கூடைய கவுத்துட்டு வந்துர்றோம்." டாக்டர் சிரித்துவிட்டார். மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். கொஞ்ச காலம் பிடித்தது, ஆனால் நடந்தது. மறுமுறை வருகிறவர்களுக்குச் செவ்வாய் மத்தியானம் என்று ஆயிற்று. அதற்குப் பிறகு அம்மா ஆள் சேர்த்துக்கொண்டு டவுன் பஸ் ஏறுவாள். எவளாவது நல்லாத்தானே இருக்கேன் என்று இழுத்தால், "நல்லா கீறப்பவே காட்டுடி, மீனாட்டம் அழுகுனப்புறம் காட்டி இன்னா புண்ணியம்" என்பாள்.

அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். எனக்கும் அந்த வயசு வந்துவிட்டது. போன செவ்வாய் என் மறுபரிசோதனைக்காக அதே கிளினிக்கில் உட்கார்ந்திருந்தேன். அறை முழுக்க மார்க்கெட் பெண்கள். புதிதாக வந்த நர்ஸ் ஒருத்தி, "ஏன்தான் இதுக்குச் செவ்வாக்கெழமைய வச்சாங்களோ" என்று அலுத்துக்கொண்டாள்.

"எங்க அம்மா கேட்டாங்க, வச்சாங்க" என்றேன்.

"உங்க அம்மா பெரிய டாக்டரா?"

"மீன் விக்கிறவங்க" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது. நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்து எனக்கும் அந்தத் தீ ஏறியது. முகம் வேர்த்துக் கொட்டியது. பக்கத்தில் இருந்த பெண் பைக்குள் கையை விட்டு, துணியில் சுற்றிய ஐஸ் துண்டு ஒன்றை எடுத்து, ஒன்றும் கேட்காமல் என் பிடரியில் வைத்தாள். மீன் வாசனை அடித்தது.