தோர்தோன் ஆற்றில் விட்ட சட்டை

"பிரான்ஸ் எப்படி இருந்துச்சுங்க?" என்று பள்ளிபாளையத்தில் என்னைக் கேட்காத ஆளில்லை. பால்காரர் கேட்டார், தறிக்கு நூல் கொண்டுவரும் வேன் டிரைவர் கேட்டார், எதிர்வீட்டு அம்மா வாரத்துக்கு ஒருமுறை கேட்கிறார். நானும் கோட்டை பார்த்தேன், குகை பார்த்தேன், ஆற்றில் படகில் போனேன் என்று ஒப்பிக்கிறேன். படகில் போகவே இல்லை. அதைச் சொல்லும்போதெல்லாம் காது மடல் சூடாகிறது. போனில் படம் காட்டச் சொன்னால், காட்டிக்கொண்டே வந்து ஓர் இடத்தில் சார்ஜ் இல்லை என்று அணைத்துவிடுகிறேன்.

அந்த ஆற்றைப் பார்க்க ஆசைப்பட்டது நான் இல்லை, என் வீட்டுக்காரர். மகன் பிரான்சுக்கு வேலைக்குப் போனதிலிருந்து அவர் தறிக்கொட்டகையில் உட்கார்ந்து அந்த ஆற்றுப் பள்ளத்தாக்கு வீடியோவாகப் பார்த்துக்கொண்டிருப்பார். செங்குத்தான பாறை, பாறைமேல் கோட்டை, கீழே ஆறு, அதில் குடும்பம் குடும்பமாகத் துடுப்புப் போட்டுப் போகும் சின்னப் படகுகள்.

"ஏம்மிணி, ஓட்டறதுக்கு ஆள் வெக்காம அவங்களே ஓட்டிக்கறாங்க பாரு. நாமளும் ஒருநாளைக்கு ஓட்டறோம்."

"பரிசல்ல ஏறவே கால் நடுங்கற ஆளு நீங்க" என்று நான் வாரிவிடுவேன்.

அந்தப் பயணத்துக்கென்றே வெள்ளையில் நீலக் கோடு போட்ட சட்டை ஒன்று தைத்தார். தைத்து வந்த சாயங்காலமே அதைக் கழுத்துப் பொத்தான்வரை மாட்டிக்கொண்டு முனைக்கடைக்கு டீ குடிக்கப் போய்வந்தார். அழுக்காகிவிடும் என்று உடனே கழற்றி மடித்தும் வைத்துவிட்டார். டிக்கெட் போட்டிருந்த மாதம் வருவதற்குள் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

எங்கள் பக்கம் இறந்துபோனவர்களின் துணியைக் காவிரியில் விடுவோம். விட்டபிறகு திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். பார்த்தால் அவர்களால் போக முடியாமல் நின்றுவிடுவார்கள் என்பார்கள். ஆற்றுப் பாலத்தின்மேல் கொஞ்ச நேரம் நின்றால் யாரோ ஒருவருடைய வேட்டியோ சேலையோ மிதந்து போவது தெரியும். யாரும் ஏனென்று கேட்பதில்லை. துணிகளை ஆற்றில் போடாதீர் என்று போர்டு வைத்திருக்கிறார்கள், அந்தப் போர்டின் காலடியில் நின்றுதான் போடுகிறோம்.

காரியத்தன்று நாத்தனார் அவருடைய துணியையெல்லாம் மூட்டை கட்டினார். "அவ்வளவுதானா?" என்று இரண்டு தடவை கேட்டார். "அவ்வளவுதானுங்க" என்றேன். நீலக்கோட்டுச் சட்டை அப்போது பீரோவில் என் சேலைகளுக்கு அடியில் இருந்தது. வருஷத் திதி முடிந்து மகன் வற்புறுத்திக் கூப்பிட்டபோது, அந்தச் சட்டையும் ஒரு வேட்டியும் அவருடைய தோல்செருப்பும் என் பெட்டியில் ஏறின. ஆசைப்பட்ட ஆற்றிலேயே அவரை விட்டுவிடலாம், கோட்டையெல்லாம் பார்த்துக்கொண்டே போகட்டும் என்று நினைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மகன் சட்டம் பேசுவான்.

தோர்தோன் என்பது அந்த ஆற்றின் பெயர். முதல்நாள் மகனும் மருமகளும் என்னைக் கோட்டைக்கு ஏற்றினார்கள். முட்டி கழன்று மேலே போய் நின்றால் எதிர்க்கரைப் பாறையில் இன்னொரு கோட்டை. இரண்டு கோட்டைக்காரர்களும் தலைமுறை தலைமுறையாக முறைத்துக்கொண்டு கிடந்தார்களாம். பங்காளித் தகராறு இங்கேயும் உண்டா என்று கேட்டேன், மருமகள் சிரித்து உருண்டாள். அடுத்து, ஆதிகாலத்து ஆட்கள் மாடும் குதிரையும் வரைந்த குகை. நிஜக் குகையைப் பூட்டிவிட்டு அதே மாதிரி செய்துவைத்த இன்னொன்றைத்தான் காட்டுகிறார்கள் என்று பாதியில் தெரிந்தது. இவ்வளவு தூரம் வந்து நகலையா பார்ப்பது என்று வெளியே வரும்வரை முனகினேன். சாயங்காலம் ஆற்றோரம் உட்கார்ந்து வால்நட் கேக் தின்றோம். தண்ணீருக்கு அடியில் கூழாங்கல் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. சாயத்தண்ணீர் கலந்து ஓடும் எங்கள் ஆற்றை நினைத்து எனக்கே கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சம் மறுநாள் காலைவரைகூடத் தாங்கவில்லை.

மறுநாள் காலை படகுத்துறை. மகனும் மருமகளும் லைஃப் ஜாக்கெட் வாங்க வரிசையில் நின்றார்கள். கால் நனைத்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு ஆற்றுக்கு எதிர்ப்போக்கில் மரங்களுக்குப் பின்னால் நடந்தேன். ஆள் அரவமில்லாத இடம். சட்டையின் பொத்தான்களை எல்லாம் போட்டேன், அவருக்குக் கழுத்துப் பொத்தான் போடாவிட்டால் பிடிக்காது. வேட்டியின் நுனியைச் சட்டையின் அடியில் முடிந்தேன். செருப்பைத் தண்ணீரில் விட மனம் வராமல், ஆற்றைப் பார்த்த மாதிரி கரையில் ஜோடியாக வைத்தேன். தண்ணீர் சில்லென்று இருந்தது. "போய்ட்டு வாங்க" என்றேன். கையிலிருந்து அது தானாகவே வழுக்கிப் போயிற்று. திரும்பி நடந்தேன்.

துறையை நெருங்கும்போது மருமகள் என்னைப் படம் எடுத்தாள். "சிரிங்க அத்தை" என்றாள், சிரித்தேன். போனில் நான் யாருக்கும் காட்டாத படம் அதுதான். நான் சிரித்தபடி வருகிறேன். எனக்குப் பின்னால் ஆற்றின் நடுவில், காற்றில் முதுகு புடைத்து, கைகளை விரித்தபடி சட்டை போய்க்கொண்டிருக்கிறது.

பின்னாலிருந்து ஒரு பெண் வீறிட்டாள். பிறகு விசில். பிறகு பல பேர் கத்தினார்கள். துணி போட்டதைப் பார்த்துவிட்டார்கள், என்னைத்தான் திட்டுகிறார்கள் என்று நினைத்தேன். எப்படியும் திரும்பிப் பார்க்கக் கூடாது. தலையைக் குனிந்துகொண்டு நடையை எட்டிப் போட்டு, வரிசையில் நின்ற மகனுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டேன்.

என்னைத் தாண்டி ஆட்கள் ஆற்றை நோக்கி ஓடினார்கள். படகு வாடகைக்கு விடும் பெண் ஷூவோடு தண்ணீரில் பாய்ந்தாள். தொப்பை போட்ட ஒரு மனிதர் சாப்பிட்டுக்கொண்டிருந்த ரொட்டியை எறிந்துவிட்டு இறங்கினார். முழங்கால் தண்ணீரில் முன்பின் தெரியாதவர்கள் கைகோத்து வரிசையாக நின்று காலால் ஆற்றைத் துழாவிக்கொண்டு நகர்ந்தார்கள்.

விசாரித்துவிட்டு வந்த மகனுக்கு மூச்சு வாங்கியது. "அம்மா, ஆத்துல யாரோ போயிட்டாருங்களாமா."

"யாரு சாமி?"

"தெரியலீங்கம்மா. நீலக்கோடு போட்ட சட்டையாம். குப்புற மெதந்துட்டு வந்தவர், அந்த மரத்து வேர்கிட்ட முழுகிட்டாராம்."

சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் நாயோடு நடக்க வந்த ஒரு பெண், இரண்டு கையிலும் அவருடைய செருப்பை ஏந்திக்கொண்டு அழுதபடி வந்தாள். மகன் அந்தச் செருப்பைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"உங்கப்பாவை ஆத்துல உட்டேன் சாமி" என்றேன். "துணியத்தான். ஆள் ஆருமில்ல."

அதற்குள் மீட்புப் படை வண்டி வந்து நின்றிருந்தது. அவன் அதிலிருந்து இறங்கிய அதிகாரியிடம் போய், கையைக் காலை ஆட்டி அவர்கள் பாஷையில் சொன்னான். நடுநடுவே என் பக்கம் கை காட்டினான். அங்கே நின்ற அத்தனை பேரும் ஒரே சமயத்தில் என்னைப் பார்த்தார்கள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு முறைத்துக்கொண்டு நின்றிருப்பேன். யாரும் திட்டவில்லை. படகுக்காரப் பெண் நனைந்த உடையோடு நடுங்கியபடி வந்து என் தோளில் ஒரு துண்டைப் போர்த்தினாள். போர்த்த வேண்டியவள் நான். பூமி பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்றிருந்தது.

சொன்ன பிறகும் தேடுவதை நிறுத்தவில்லை. துணிதான் என்று கண்ணால் பார்க்கும்வரை ஆள் என்றே வைத்துத்தான் தேடவேண்டுமாம். கறுப்பு உடை போட்ட ஒரு இளைஞர் முதுகில் காற்று உருளையோடு வேர்களுக்குள் முங்கினார். எழுந்தார், மறுபடி முங்கினார். திரும்பிப் பார்க்காமல் வரவேண்டிய நான், அந்த ஆற்றையே வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவரை நிம்மதியாகப் போகவும் விடவில்லை, இத்தனை பேரைப் பதறவும் வைத்துவிட்டேன். அவர் இருந்திருந்தால் அந்த இடத்திலேயே, "உனக்கு எதுலதான் அம்மிணி நிதானம்?" என்று கேட்டிருப்பார்.

மூன்றாவது முறை அந்த இளைஞர் சட்டையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். கரைக்கு வந்து, பிழிந்து, கோடு கலையாமல் மடித்து, நாய்க்காரப் பெண் நீட்டிய செருப்பை அதன்மேல் வைக்காமல் தனியாக வைத்து, சட்டையை இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தார். வேட்டி அகப்படவில்லை. மகனிடம் சிரித்தபடி ஏதோ சொல்லி, அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனார். மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

படகு சவாரியை யாரும் பேச்சில் எடுக்கவில்லை. காரில் போகும்போது ஈரச்சட்டை என் மடியில் இருந்தது, சேலை நனைந்துகொண்டிருந்தது. வெகுநேரம் கழித்து, அந்தப் பையன் என்ன சொன்னார் என்று கேட்டேன். மகன் ரோட்டைப் பார்த்தபடியே ஓட்டினான். திரும்பவும் கேட்டேன்.

"எத்தனையோ தடவை இப்படி முங்கி எடுத்திருக்கறாராம். இன்னைக்குத்தான் சந்தோசமா வீட்டுக்குப் போறேன்னாருங்கம்மா." கியரை மாற்றினான். "நல்லவேளை, சட்டைக்குள்ள ஆள் இல்லைன்னாரு."

"ஆமா சாமி" என்றேன். "ஆள் இல்ல."