முனை நறுக்கிய முள்

நடைபாலத்துக்குக் கீழே ஒரு சப்பட்டைப் பாறையில் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, டிரைவரம்மா தூண்டில் முள்ளின் முனையைக் கட்டிங் பிளேயரால் நறுக்குவார். நறுக்கிய முனையைத் தண்ணீரில் எறிவதில்லை. யார் காலிலாவது ஏறிவிடும் என்று ஒரு தீப்பெட்டிக்குள் போட்டு மூடுவார். பிறகு முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, ஒரு பெருமூச்சு விட்டு, கம்பை வீசுவார். இறகும் கம்பளி நூலும் சுற்றிய பொய்ப்பூச்சி ஓடையின் மேல் மெத்தென்று போய் உட்காரும். மீன் பிடிக்கப் போகிறவர் முள்ளின் முனையை வெட்டுவது, சமைக்கப் போகிறவர் அடுப்பில் தண்ணீர் ஊற்றுவதைப் போலத்தான். ஆனால் அவருக்கு அதில் ஒரு கணக்கு இருந்தது.

வாரம் முழுக்க அவர் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவர். மலைப்பாதை, ஒரு வளைவு முடிவதற்குள் அடுத்தது வந்து நிற்கும். வண்டியை அவர் 'மாமியார்' என்றுதான் சொல்வார். "ஏத்தத்துல முனகும், எறக்கத்துல சொன்ன பேச்சு கேக்காது. ஆனா இத விட்டா நமக்கு வேற கதியும் இல்ல." பிள்ளைகள் போடும் கூச்சலுக்கு அவர் திரும்புவதே இல்லை. கண்ணாடியில் ஒரு பார்வை, அவ்வளவுதான். பெரிய வகுப்புப் பையன்கள்கூட சன்னலுக்கு வெளியே நீட்டிய கையை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். வண்டியைக் கொட்டகையில் விட்டுச் சாவியைக் கழற்றிய பிறகும் அந்தக் கூச்சல் காதுக்குள் ஓடிக்கொண்டே இருக்குமாம். எப்படி இருக்கீங்க என்று யாராவது கேட்டால் "ஓடுது" என்பார். அதற்கு மேல் பேச அவருக்கும் தெம்பிருக்காது.

வீட்டில் கணவர். மர மில்லில் ரம்பத்துக்குப் பல் தீட்டிக்கொண்டிருந்தவர். ஒரு காலையில் செருப்பு மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. வாதம். உயிர் தப்பியது; நடை பாதி திரும்பியது; பேச்சு, வாயில் கூழாங்கல்லை ஒதுக்கிக்கொண்டு பேசுவது போல வந்தது; வலது கை மட்டும் வரவேயில்லை. அதை அவர் இடது கையால் தூக்கி மடியில் வைத்துக்கொள்வார், அடுத்த வீட்டுக்காரர் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போன சாமானைப் போல. காலையில் அவரைக் குளிப்பாட்டி, உடுத்திவிட்டு, மருந்து கொடுத்து, சாப்பாட்டைக் கைக்கெட்டும் இடத்தில் மூடி வைத்துவிட்டு டிரைவரம்மா வேலைக்குக் கிளம்ப வேண்டும். சாயங்காலம் வந்து விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். விடுமுறையன்று மட்டும் மத்தியானம் கணவரின் தங்கை வந்து அண்ணனுக்குத் துணையாக உட்காருவாள். அந்த ஒரு பொழுதுதான் ஓடைக்கு.

ஓடை முதலில் இவருடைய இடமாக இருந்ததில்லை. கணவர்தான் அதன் மேல் பைத்தியமாக இருந்தவர். லீவு விட்டால் கம்பும் கையுமாக மனுஷன் காணாமல் போய்விடுவார். "அந்த மீனையே கட்டியிருக்கலாம்" என்று இவர் கரித்துக் கொட்டிய நாட்கள் உண்டு. அந்த மீன் டிரவுட். மலை இடுக்கில் ஊற்றெடுத்து வருகிற தண்ணீரில்தான் தங்கும். கையை விட்டால் எலும்பு வரை விறைக்கிற குளிர் வேண்டும் அதற்கு. "மாப்பிள்ளை முறுக்கு புடிச்ச மீனு. வெயில் ஆகாது, சேறு ஆகாது, நம்ம நெழல் மேல பட்டாக்கூட ஆகாது" என்பார் டிரைவரம்மா.

வாதம் வந்த மறு வருஷம், ஓடை சும்மாக் கிடக்கிறதே என்று கணவர் ஓயாமல் புலம்பவும், அவர் மனசு ஆறட்டும் என்று டிரைவரம்மா கம்பை எடுத்துக்கொண்டு போனார். முதல் நாளே ஒன்று மாட்டிவிட்டது. எப்படி மாட்டியது என்று அவருக்கே தெரியாது. அதைக் கொண்டுவந்து, வயிற்றைக் கீறி, குடலை அலசி, பொரித்து, முள் பார்த்து எடுத்துக் கொடுத்து, சட்டி தேய்த்து, தொட்டியில் வாடை போகக் கழுவி முடித்தபோது, உட்காரக்கூடத் தெம்பில்லாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அடுத்த முறை போனபோது தூண்டிலைப் போட்டுவிட்டுப் பாறையில் உட்கார்ந்தார். தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. யாரும் அவரைக் கூப்பிடவில்லை. யாரும் கூப்பிடாமல் இருப்பது இப்படியா இருக்கும் என்று வியப்பாக இருந்தது. அந்த நேரம் பார்த்துக் கம்பு சுண்டியது. அவருக்குச் சந்தோஷம் வரவில்லை. ஐயோ, இன்னொரு வேலை என்றுதான் தோன்றியது. மீனைக் கழற்றி ஓடையில் விட்டுவிட்டு, கணவரின் தூண்டில் பையைத் துழாவி அந்தக் கட்டிங் பிளேயரை எடுத்தார்.

வெறுமனே உட்கார்ந்திருக்கலாமே என்றால், முடியாது. மேலே பாலத்தில் ஊரே போய் வருகிறது. கம்பைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தால், அவர் வீடு போய்ச் சேருவதற்கு முன்பே செய்தி போய்ச் சேர்ந்துவிடும். கம்பு வீசுகிறவளை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. மிஞ்சிப்போனால், என்ன டிரைவரம்மா, மீனெல்லாம் வண்டி ஏறலையா என்று எட்டிப் பார்த்துக் கிண்டலடிப்பார்கள். "இன்னிக்கு அதுங்களுக்கும் லீவு" என்று தலையைத் திருப்பாமல் பதில் சொல்வார். வீசுவது அவருக்குப் பிடித்தும் போயிற்று. டிரவுட் எழும்பி வந்து, பூச்சியை வாயில் வாங்கி, ருசி பார்த்து, தூவென்று துப்பிவிட்டுப் போகும். அதற்கும் நஷ்டமில்லை, இவருக்கும் நஷ்டமில்லை.

நஷ்டம் வீட்டில் நடந்தது. கொத்தவில்லை, கொத்தவில்லை என்று வெறுங்கையோடு வருகிற மனைவியைப் பார்த்துப் பார்த்து, கோளாறு பூச்சியில்தான் என்று கணவர் முடிவு கட்டினார். கடையில் வாங்கியது இந்த ஓடைக்கு ஆகாது. மேசை ஓரத்தில் சின்னதாக ஒரு பிடிப்பானைத் திருகி, அதில் முள்ளை மாட்டி, இடது கையால் தானே கட்ட ஆரம்பித்தார். நூலின் ஒரு நுனி பல்லில். கோழி இறகும் பழைய ஸ்வெட்டர் பிரித்த சாம்பல் நூலும்தான் சரக்கு. தண்ணீர் என்ன நிறத்தில் இருந்தது, மேலே என்ன பூச்சி பறந்தது என்று மனைவியைக் குடைவார். இவரும் பார்த்ததைப் பார்த்தபடி சொல்வார். முள்ளைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கமாட்டார். பழைய பூச்சி எங்கே என்று கேட்டால், பாறையில் சிக்கி அறுந்துபோச்சு என்பார். முதலில் கட்டியவை நசுங்கிய கொசுவைப் போலிருந்தன. போகப் போக அவற்றுக்கு இடுப்பு வந்தது, வால் வந்தது, இறக்கை நிமிர்ந்தது. அண்ணன் இப்போதெல்லாம் டிவிகூடப் போடச் சொல்வதில்லை என்று நாத்தனார் சொல்லிச் சிரித்தாள். டிரைவரம்மாவுக்கும் நிம்மதிதான். மனுஷனுக்கு ஒரு வேலை கிடைத்தது, தனக்கு ஒரு பொழுது கிடைத்தது. கட்டிக் கொடுத்த ஒவ்வொன்றையும் கொண்டுபோய் ஓடைக்கரையில் நறுக்கினார்.

ஒரு விடுமுறையன்று சாயங்காலம், வழக்கம்போலக் கொத்தவில்லை என்று சொல்லிக்கொண்டே காலணியைக் கழற்றினார். கணவர் மேசையிலிருந்து பிடிப்பானைக் கழற்றத் திருகிக்கொண்டிருந்தார். ஒற்றைக் கைக்கு அது லேசில் மசியவில்லை. ஒருவழியாகக் கழற்றித் தங்கையிடம் நீட்டி, பரண்மேல் போடச் சொன்னார்.

"கை போனா போனதுதான்," என்றார். "நான்தான் என்னமோ ஆசப்பட்டுட்டேன்."

அந்த வாரம் முழுக்க அவர் சுவர்ப்பக்கம் திரும்பியே படுத்திருந்தார். நீட்டி மடக்கும் பயிற்சியை நிறுத்திவிட்டார். மருந்தை நீட்டினால் வாங்கி விழுங்குவார், அதோடு சரி. டிரைவரம்மா பேருந்தை எடுத்துக்கொண்டு போனார், வந்தார். ஓர் ஏற்றத்தில் கியர் மாற்ற இடது கையை நீட்டியபோது, அந்த மனுஷனின் இடது கை இத்தனை மாதம் என்ன பாடு பட்டிருக்கும் என்ற நினைப்பு வந்தது. வாதம் ஒரு கையைத்தான் கொண்டுபோனது. மற்றதை நான் நறுக்கிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு மாமியார் முனகியது எதுவும் அவர் காதில் விழவில்லை.

அடுத்த விடுமுறைக்குப் பிளேயரை வீட்டிலேயே விட்டுவிட்டு, கணவர் கடைசியாகக் கட்டிய சாம்பல் பூச்சியோடு போனார். நிஜமாகவே பிடித்தாக வேண்டும் என்றதும் ஓடை வேறு ஆளாகிவிட்டது. ஒன்று வாயில் வாங்கியது. அவசரப்பட்டுச் சுண்டினார், போயிற்று. இன்னொன்று வாங்கியது, யோசித்துக்கொண்டு நின்றார், அதுவும் போயிற்று. பாறையை விட்டு இறங்கித் தண்ணீரில் நின்று வீசினார். ரப்பர் காலணிக்குள் தண்ணீர் புகுந்து விரல்கள் மரத்தன. வெயில் மலை முகட்டுக்கு ஏறிவிட்டது. நாத்தனார் தன் வீட்டுக்குக் கிளம்ப வேண்டிய நேரமும் ஆகியிருந்தது. மாட்டித் தொலையேன் என்று தண்ணீரைப் பார்த்து முணுமுணுத்தார்.

ஊற்று மணலைக் குமிழியிட்டுத் தள்ளிக்கொண்டு வருகிற இடத்தில், ஒரு கல்லை ஒட்டி, எதிர்நீரில் தலை வைத்து ஒன்று நின்றிருந்தது. பின்பக்கமாகப் போய், குனிந்து, நிழல் விழாமல் வீசினார். பூச்சி மிதந்து வந்தது. ஒரு வாய் தண்ணீரைக் கிள்ளியது. இந்த முறை அவர் யோசிக்கவில்லை. கம்பு வளைந்தது, நூல் ஓடையைக் குறுக்கே கிழித்துக்கொண்டு ஓடியது. இறக்கத்தில் பிரேக்கை விட்டு விட்டுப் பிடிப்பது போல, விட்டார், பிடித்தார், விட்டார், பிடித்தார். கரையோரம் வந்ததும் இரண்டு கையாலும் அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டு அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார். புள்ளி புள்ளியாக, ஈரமாக, நல்ல கனமாக இருந்தது.

வீட்டில் கட்டிலோரம் போய், பையைப் பிரித்து, மீனைக் கணவரின் பக்கத்தில் வைத்தார். முள்ளைக் கழற்றியிருக்கவில்லை, வாயோரத்தில் சாம்பல் பூச்சி மாட்டியபடியே இருந்தது. கணவர் மெல்ல எழுந்து உட்கார்ந்து அதை விரலால் தொட்டுப் பார்த்தார். எங்கே என்று கேட்டார். ஊற்றுக்கண்ணுக்குப் பக்கத்தில் என்றார் டிரைவரம்மா. இவ்வளவு நாள் ஏன் ஒன்றுகூட மாட்டவில்லை என்று கேட்டார். பொய் சொல்வதற்கும் தெம்பு வேண்டும்.

"முள்ளு மொனைய வெட்டிட்டுதாங்க போடுவேன். மாட்டுனா கழுவணும், சமைக்கணும், தேய்க்கணும். என்னால முடியலங்க."

கணவர் மீனின் வாயிலிருந்த பூச்சியை விரலால் மெல்லத் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப பூச்சி சரியாத்தான் இருந்துச்சா?"

"எல்லாத்தையும் வாங்குச்சு. வாங்கி வாங்கித் துப்புச்சு."

அவர் வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. பிறகு அதுவும் அடங்கியது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றார்.

"சொன்னா, முடியலன்னா ஓடைக்குப் போகாதன்னுருவீங்க. எனக்கு அது ஒண்ணுதாங்க இருக்கு."

கணவர் கட்டிலைப் பிடித்து எழுந்தார். மீனைத் தூக்கிக்கொண்டு, காலை இழுத்து இழுத்துச் சமையலறைத் தொட்டிக்குப் போனார். கத்தியைக் கேட்டு வாங்கினார். வராத வலது கையைத் தூக்கி மீனின் தலைமேல் பாரமாக வைத்துக்கொண்டு, இடது கையால் வயிற்றைக் கீறினார். கோணல்மாணலாகத்தான் வந்தது. இன்னும் வீட்டுக்குக் கிளம்பாமலிருந்த தங்கை உதவப் போனாள். தலையை ஆட்டி வேண்டாமென்றார். கத்தி வழுக்கிவிடுமோ என்று பார்த்துக்கொண்டே டிரைவரம்மா கதவோரத்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஈரக் காலணியைக் கழற்றக் குனிய வேண்டும் என்று நினைத்தார். அதற்குள் தலை சுவரில் சாய்ந்துவிட்டது. தோள்பட்டைகள் தணிந்தன, வாய் லேசாகத் திறந்தது.

அண்ணி தூங்கிட்டாங்க என்று சொல்லத் தங்கை வாயெடுத்தாள். கணவர் கத்தியைக் கீழே வைத்தார். தகரத் தொட்டியில் தடதடவென்று கொட்டிக்கொண்டிருந்த குழாயைத் திருகி, தண்ணீர் நூலாக, சத்தமில்லாமல் விழும்படி குறைத்துவிட்டு, மறுபடி கத்தியை எடுத்தார்.